முன்பணம் கட்டிய விடுதி அறைக்குப் பழைய ஜி.எஸ்.டி. விகிதமா, புதிய விகிதமா?

கேட்டவர்: மணிவிழா வீட்டார்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையின் அறுபதாம் கல்யாணத்தை வரும் நவம்பரில் திருக்கடையூரில் நடத்துவதென்று முடிவு செய்து, உறவினர்கள் தங்குவதற்காக அருகிலுள்ள ஒரு விடுதியில் ஆறு அறைகளை இரண்டு இரவுகளுக்கு 2025 ஆகஸ்ட் 18 அன்றே பதிவு செய்துவிட்டோம். ஓர் அறைக்கு ஓர் இரவு வாடகை 3,000 ரூபாய். ஆக, வாடகை 36,000 ரூபாய், அதன்மேல் 12 சதவீத ஜி.எஸ்.டி. 4,320 ரூபாய் என்று மொத்தம் 40,320 ரூபாயை அன்றைக்கே வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பிவிட்டோம். நவம்பர் 8 நண்பகலில் அறைகளுக்கு வந்து, 10ஆம் தேதி காலையில் காலி செய்வதாக ஏற்பாடு.

பணம் கட்டி இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 3 அன்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றம், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. புதிய விகிதப்படி பார்த்தால் எங்கள் அறைகளுக்கு வரி 1,800 ரூபாய்தான் வரும். வித்தியாசம் 2,520 ரூபாய்.

விடுதி மேலாளரிடம் தொலைபேசியில் கேட்டபோது, நாங்கள் பணம் கட்டிய நாளில் 12 சதவீதம்தான் இருந்தது என்றும், அந்த வரியை அவர்கள் அரசுக்குச் செலுத்தியும் விட்டார்கள் என்றும், ஆகையால் திருப்பித் தர வழியில்லை என்றும் மரியாதையாகவே சொன்னார். என் மைத்துனரோ, தங்குகிற நாளில் எந்த விகிதம் இருக்கிறதோ அதுதான் செல்லும் என்று உறுதியாகச் சொல்கிறார். தொகை பெரிதில்லைதான். ஆனாலும் அப்பா ஒவ்வொரு செலவையும் நோட்டில் எழுதிப் பார்க்கும் வழக்கமுடையவர். அவர் கேட்டால் சரியான விடை சொல்ல வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: வரி ஆலோசகர்

மணிவிழாவுக்கு முதலில் என் வணக்கங்கள்.

மேலாளர் பணம் கட்டிய நாளை மட்டும் பார்க்கிறார். உங்கள் மைத்துனர் தங்கும் நாளை மட்டும் பார்க்கிறார். சட்டம் இவ்விரண்டோடு மூன்றாவதாக ஒரு தேதியையும் சேர்த்துப் பார்க்கிறது. அது இன்வாய்ஸ் போட்ட தேதி. உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த மூன்றாவது தேதியில்தான் இருக்கிறது.

மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டம், 2017இன் 14ஆம் பிரிவு, வரி விகிதம் மாறும் நேரத்தில் எந்த விகிதம் பொருந்தும் என்பதற்காகவே எழுதப்பட்டது. அதில் ஆறு நிலைமைகள் தனித்தனியாகச் சொல்லப்பட்டிருந்தாலும், அவற்றை அடுக்கி வைத்துப் பார்த்தால் ஒரே விதிதான் வெளிப்படும்: சேவை வழங்கிய நாள், இன்வாய்ஸ் போட்ட நாள், பணம் பெற்ற நாள் ஆகிய மூன்றில் எந்த இரண்டு, விகிதம் மாறிய நாளுக்கு ஒரே பக்கத்தில் விழுகின்றனவோ, அந்தப் பக்கத்து விகிதமே செல்லும். மூன்றில் இரண்டு முன்னால் இருந்தால் பழைய விகிதம், இரண்டு பின்னால் இருந்தால் புதிய விகிதம்.

உங்கள் கணக்கை இதில் பொருத்திப் பாருங்கள். பணம் ஆகஸ்டில் போய்விட்டது. அது மாற்றத்துக்கு முன்னால். தங்குவது நவம்பரில், அது மாற்றத்துக்குப் பின்னால். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக நிற்பதால், இன்வாய்ஸ் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே முடிவு போகும். நவம்பரில் அறையைக் காலி செய்யும்போது இன்வாய்ஸ் தருவார்கள் என்றால் 5 சதவீதம்தான். மாறாக, ஆகஸ்டிலேயே முறையான டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டுக் கொடுத்திருந்தால், நீங்கள் நவம்பரில் தங்கினாலும் 12 சதவீதமே செல்லும். அதில் மேலாளர் சொல்வது முழுக்கச் சரியாகிவிடும்.

எனவே ஆகஸ்டில் மின்னஞ்சலில் வந்த தாளைத் திறந்து, மேலே என்ன தலைப்பு இருக்கிறது என்று பாருங்கள். முன்பணம் வாங்கும் விடுதி 31ஆம் பிரிவின்படி கொடுக்க வேண்டியது ரிசீட் வவுச்சர். சேவைக்காகக் கொடுப்பது டாக்ஸ் இன்வாய்ஸ். இரண்டிலும் விடுதியின் ஜி.எஸ்.டி. பதிவு எண், வரிசை எண், 996311 என்ற சேவைக் குறியீடு, மத்திய வரி 6 சதவீதம், மாநில வரி 6 சதவீதம் என்று எல்லாமே ஒன்றுபோல அச்சாகியிருக்கும் என்பதால், பார்வைக்கு இரண்டும் ஒரே தாள்போலத் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அவை வேறு வேறு. ரிசீட் வவுச்சர் என்பது பணம் வந்ததற்கான சான்று மட்டுமே; 14ஆம் பிரிவு கேட்கும் இன்வாய்ஸ் ஆகாது. புரோஃபார்மா இன்வாய்ஸ், அதாவது முன்மதிப்பீட்டு பில், என்று தலைப்பிட்ட தாளும், பெயரில் இன்வாய்ஸ் என்று இருந்தாலும், இன்வாய்ஸாகக் கணக்கில் சேராது. வெறும் முன்பதிவு உறுதிக் கடிதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

வரியை அரசுக்குச் செலுத்திவிட்டோம் என்று மேலாளர் சொன்னது உண்மையாகவே இருக்கும். சரக்கு விற்பனையில் முன்பணத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்று விலக்கு உண்டு. சேவைக்கு அந்த விலக்கு இல்லை. ஆகஸ்டில் வாங்கிய முன்பணத்துக்கு, மாதக் கணக்கு தாக்கல் செய்யும் விடுதியானால், செப்டம்பர் 20க்குள் வரி கட்டியிருக்க வேண்டும். ஆனால், அப்படிக் கட்டியது அந்த அறைகளுக்கான இறுதி வரி ஆகிவிடாது. நவம்பரில் இன்வாய்ஸ் போடும்போது, முன்பணத்தின்மீது ஏற்கெனவே கட்டிய 4,320 ரூபாயை அந்த மாத விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில், முன்பணத்தைச் சரிக்கட்டும் அட்டவணையில் காட்டிக் கழித்துக்கொண்டு, இன்வாய்ஸுக்குரிய 1,800 ரூபாயைக் காட்டுவார்கள். மீதி அவர்களுடைய அந்த மாத வரிப் பொறுப்பிலிருந்து குறைந்துவிடும். அரசிடம் போன பணம் விடுதிக்குத் திரும்பி வர வழி இருக்கும்போது, உங்களுக்குத் தர வழியில்லை என்பது பொருந்தாது.

ஒருவேளை உங்களிடம் இருப்பது டாக்ஸ் இன்வாய்ஸாக இருந்தால், கிரெடிட் நோட், அதாவது இன்வாய்ஸ் தொகையைக் குறைக்கும் தாள், போட்டுத் திருத்தித் தாருங்கள் என்று கேட்பதும் எளிதில் நடக்காது. செலுத்த வேண்டியதைவிட அதிக வரி போட்டுவிட்டால் 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் தரலாம். இங்கே 12 சதவீதமே சட்டப்படி சரியான வரி என்றாகிவிடுவதால், அதிகம் என்று சொல்ல இடமில்லை. பதிவை உண்மையாகவே ரத்து செய்து, புதிதாகப் பதிவு செய்தால் புதிய விகிதம் கிடைக்கும். ஆனால் ரத்துக் கட்டணமே 2,520 ரூபாயைத் தாண்டிவிடலாம். முகூர்த்த நாளில் அதே அறைகள் மறுபடி கிடைக்குமா என்பதும் கேள்வி. அந்தத் துணிச்சலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.


பதில்: விடுதிக் கணக்காளர்

ஒரு விடுதியில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறேன். ஆலோசகர் ஐயா சட்டத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். வரவேற்பு மேசைக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் சொன்னால், அந்த மேலாளர் ஏன் தயங்குகிறார் என்பது விளங்கும்.

செய்தித்தாள்களில் 12 சதவீதம் 5 சதவீதமானது என்று மட்டும் வந்தது. அதோடு சேர்ந்து வந்த நிபந்தனையைப் பலர் கவனிக்கவில்லை: 5 சதவீதம் வாங்கும் விடுதி, தான் செலவு செய்த இடங்களில் கட்டிய ஜி.எஸ்.டி.யை வரவு வைத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளக் கூடாது. பழையபடி வரவு எடுத்துக்கொண்டு கூடுதல் விகிதம் கட்டுகிறேன் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு இல்லை. இது எங்களுக்கு எவ்வளவு என்று ஒரு கணக்கில் காட்டுகிறேன். இணையத்தளம் வழியாக வந்த 3,000 ரூபாய் அறைக்கு 15 சதவீதம் கமிஷன் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 450 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 81 ரூபாய். முன்பு அந்த 81 ரூபாயை நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டோம். இப்போது அது அப்படியே செலவு. படுக்கை விரிப்புச் சலவை, ஏ.சி. பராமரிப்பு, வெளியாள் வைத்துச் செய்யும் துப்புரவு என்று வரியோடு வரும் ஒவ்வொரு பில்லுக்கும் இதே கதை. அதனால்தான் செப்டம்பர் 22க்குப் பிறகு வரும் புதிய பதிவுகளுக்குச் சில விடுதிகள் அடிப்படை வாடகையைச் சற்று ஏற்றுகின்றன.

ஆனால் முன்பே வாடகை பேசி, பணமும் வாங்கிக்கொண்ட பதிவில் அந்தச் சுமையை விருந்தினரின் தலையில் வைக்க எங்களுக்கு உரிமை கிடையாது என்றே நான் கருதுகிறேன். வாடகை 3,000, வரி தனி என்று பேசியாயிற்று; வரி என்ற பெயரில் வாங்கியது வரியாகத்தான் போக வேண்டும். வரி என்று வசூலித்த தொகையை அரசுக்குக் கட்டாமல் தானே வைத்துக்கொள்வதற்கு 76ஆம் பிரிவு இடம் தரவில்லை. ஆகவே வித்தியாசம் விருந்தினரிடம் திரும்ப வேண்டும், இல்லையென்றால் அரசிடம் போக வேண்டும். விடுதிப் பெட்டியில் தங்க முடியாது.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். உங்களுடைய பதிவில் வாடகை வேறு, வரி வேறு என்று தனித்தனியாக இருக்கிறது. அதே அறையை, வரி உட்பட 3,360 ரூபாய் என்று ஒரே தொகையாகப் பேசியிருந்தால் கதை மாறும். 3,360 ரூபாய்க்குள் 5 சதவீதம் அடங்கியதாகக் கணக்கிட்டால் வாடகை 3,200, வரி 160 என்று வரும். விருந்தினர் கட்டிய தொகை மாறாது, விடுதியின் பங்கு 200 ரூபாய் கூடும். பேசிய விலையையே வாங்கினோம் என்று விடுதி சொல்லலாம். எந்த விகிதம் என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது. வித்தியாசம் யாருக்குச் சேரும் என்பதை நீங்கள் இருவரும் பேசிக்கொண்ட சொற்கள் தீர்மானிக்கின்றன.

செப்டம்பர் 21, ஞாயிறு இரவு எங்கள் விடுதியில் நடந்ததையும் சொல்கிறேன். ஒவ்வோர் இரவும் அன்றைய வாடகையை ஒவ்வோர் அறையின் கணக்கிலும் ஏற்றி நாளை முடிப்பது வழக்கம். அன்று 20ஆம் தேதி வந்து 23ஆம் தேதி போகவிருந்த விருந்தினர்கள் பதினோரு அறைகளில் இருந்தார்கள். இந்த இரவுக்கு 12ஆ, 5ஆ என்று மென்பொருள் முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஆடிட்டரிடம் பேசியபோதுதான் விஷயம் எவ்வளவு எளிது என்று தெரிந்தது. போகும்போது பணம் கட்டும் விருந்தினருக்கு இன்வாய்ஸும் பணமும் இரண்டுமே 23ஆம் தேதி என்பதால், முதல் இரண்டு இரவுகள் மாற்றத்துக்கு முன்னால் இருந்தாலும் மூன்று இரவுக்கும் 5 சதவீதம்தான். முன்பே பணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் தங்கிய இரவு எது என்ற கேள்வியே எழுந்தது. அவர்களுக்கு 20, 21 ஆகிய இரவுகளுக்கு 12 சதவீதமும் 22ஆம் தேதி இரவுக்கு 5 சதவீதமும் என்று பிரித்துப் போட்டோம். முன்கூட்டியே நம்பிக்கையோடு பணம் கட்டியவர் அதிக வரி கட்டுகிறார், கடைசியில் கட்டியவர் குறைவாகக் கட்டுகிறார் என்பதை ஒரு பெரியவரிடம் விளக்கும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றில் இரண்டு என்ற விதி அப்படித்தான் விழுந்தது.


பதில்: யாத்திரை ஏற்பாட்டாளர்

வரி குறைந்ததால் வந்த கேள்வி இது. வரி ஏறியபோது நான் பட்டதையும் பதிவு செய்கிறேன். இதே விதி மறுபக்கமும் வெட்டும்.

1,000 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2022 ஜூலை 17 வரை ஜி.எஸ்.டி. விலக்கு இருந்தது. ஜூலை 18 முதல் அந்த விலக்கு நீங்கி 12 சதவீதம் வந்தது. யாத்திரைக் குழுக்களை அழைத்துச் செல்லும் எங்களைப் போன்றவர்கள் எடுப்பதெல்லாம் அந்த வகை அறைகள்தான். அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே இராமேசுவரத்தில் பத்து அறைகளை, அறைக்கு 900 ரூபாய் வீதம் இரண்டு இரவுகளுக்குப் பேசி, 18,000 ரூபாயை முழுவதுமாகக் கட்டியிருந்தேன். ஜூலை 23 அன்று காலையில் நாற்பது பேரோடு போய் இறங்கியபோது, வரவேற்பு மேசையில் இருந்தவர் இன்னும் 2,160 ரூபாய் கட்டினால்தான் சாவி என்றார். எல்லாரும் தீர்த்தமாடப் போகும் அவசரத்தில் இருந்தார்கள். முழுப் பணமும் கட்டியாயிற்றே என்று எவ்வளவோ வாதாடிப் பார்த்துவிட்டு, என் கைப்பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். குழுவினரிடம் கூடுதலாகக் கேட்க மனம் வரவில்லை.

பணம் முன்னால், தங்கியது பின்னால், பில் பின்னால். மூன்றில் இரண்டு பின்னால் என்பதால் வரி வந்தது சரிதான் என்று இப்போது ஆலோசகர் சொல்வதைப் படிக்கும்போது புரிகிறது. அன்று எனக்குத் தெரியாமல் போனது அது அல்ல. விடுதியார் ஜூனில் அனுப்பிய உறுதிக் கடிதத்தில், அனைத்து வரிகளும் உட்பட என்ற சொற்கள் இருந்தன. அந்தக் கடிதம் என் பையிலேயே இருந்தது, ஆனால் எடுத்துக் காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. கணக்காளர் சொன்னபடி, வரி அரசுக்குச் சேர வேண்டியதுதான் என்றாலும், அதை யார் பையிலிருந்து எடுப்பது என்பதை அந்தச் சொற்கள் தீர்மானித்திருக்கும்.

அதற்குப் பிறகு நான் எந்த விடுதியோடு பேசினாலும், வரி மாறினால் வித்தியாசம் யாருடையது என்று ஒரு வரியாவது எழுத்தில் வாங்கிக்கொள்கிறேன். மணிவிழா வீட்டாரும் மீதி ஏற்பாடுகளில் இதைக் கேட்டுப் பெறுங்கள். மண்டபம், சமையல், வாகனம் என்று முன்பணம் கொடுக்கும் எல்லா இடங்களிலும் இந்த 14ஆம் பிரிவுதான்.


கேள்வி: இணையத்தில் பதிவு செய்தவர்

இடையில் புகுவதற்கு மன்னியுங்கள். நான் ஆகஸ்டில் ஒரு பயண இணையத்தளத்தில் முழுப் பணமும் கட்டி டிசம்பருக்கு அறை எடுத்திருக்கிறேன். விடுதியிடம் கேட்டால், எங்களுக்கு இன்னும் பணமே வரவில்லை, நீங்கள் தங்கிவிட்டுப் போன பிறகுதான் இணையத்தளம் எங்களுக்கு அனுப்பும் என்கிறார்கள். அப்படியானால் பணம் பெற்ற நாள் எது? நிறுவன வேலையாகத் தங்குவதால், வரியை எங்கள் நிறுவனம் வரவு வைத்துக்கொள்ள முடியுமா என்பதும் தெரிய வேண்டும்.


பதில்: வரி ஆலோசகர்

நல்ல கேள்வி. 14ஆம் பிரிவுக்கான விளக்கத்தில், பணம் பெற்ற நாள் என்பது சேவை வழங்குபவரின் கணக்குப் புத்தகத்தில் பதிவான நாள், அவருடைய வங்கிக் கணக்கில் வரவான நாள் ஆகிய இரண்டில் முந்தியது என்று சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் கொடுத்த நாள் அல்ல, விடுதி பெற்ற நாள். விடுதி அதை இன்னும் தன் புத்தகத்தில் ஏற்றவில்லை, வங்கியிலும் வரவாகவில்லை என்றால், உங்கள் பதிவில் பணமும் மாற்றத்துக்குப் பின்னால், தங்குவதும் பின்னால். இரண்டு தேதிகள் சேர்ந்துவிட்டதால் இன்வாய்ஸ் எப்போது போட்டாலும் 5 சதவீதம்தான். மணிவிழா வீட்டாரைவிட உங்கள் நிலை வலுவானது. இணையத்தளம் ஆகஸ்டில் உங்களிடம் 12 சதவீதம் வாங்கியிருந்தால், மீதியை அங்கேதான் கேட்க வேண்டும். அவர்கள் தனியாக வாங்கும் சேவைக் கட்டணத்துக்கு 18 சதவீதம் என்பதில் மாற்றமில்லை; அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காசோலை கொடுத்தவர்களுக்காக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். விகிதம் மாறிய நாளிலிருந்து நான்கு வேலை நாள்களுக்குப் பிறகு பணம் வங்கியில் வரவாகியிருந்தால், புத்தகத்தில் முன்தேதியில் எழுதியிருந்தாலும் வங்கியில் வரவான நாளே பணம் பெற்ற நாள். கடைசி நேரத்தில் புத்தகத்தில் மட்டும் எழுதித் தேதியை முன்னுக்குத் தள்ளுவதைத் தடுக்கவே இது இருக்கிறது.

நிறுவனத்துக்கான வரவைப் பொறுத்தவரை, விடுதி தன் செலவுகளுக்கு வரவு எடுக்கக் கூடாது என்பது விடுதிக்கான நிபந்தனை மட்டுமே. தொழில் நிமித்தம் தங்கும் நீங்கள், உங்கள் நிறுவனத்தின் பதிவு எண்ணோடு இன்வாய்ஸ் வாங்கினால் அந்த 5 சதவீதத்தை வரவு வைக்கலாம். ஆனால், விடுதி இருக்கும் மாநிலத்தில் உங்கள் நிறுவனத்துக்குப் பதிவு இருக்க வேண்டும். தங்கும் சேவைக்கு வழங்கிய இடம் என்பது கட்டடம் இருக்கும் இடமே. அந்த மாநிலத்து வரியாக வசூலிப்பதை வேறு மாநிலப் பதிவில் வரவு வைக்க முடியாது. கோயம்புத்தூர் நிறுவனத்தின் ஊழியர் கொச்சியில் தங்கினால் அந்த வரவு போனதுதான்.


மறுபதில்: மணிவிழா வீட்டார்

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். பதில் சொன்ன எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

மின்னஞ்சலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். இரண்டு தாள்கள் வந்திருந்தன. முதலாவது புரோஃபார்மா இன்வாய்ஸ். இரண்டாவது, பணம் போன மறுநாள் வந்தது. அதன் தலைப்பில் பெரிய எழுத்தில் விடுதியின் பெயரும், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ரிசீட் வவுச்சர் என்றும் இருந்தன. ஆகஸ்டிலேயே இரண்டையும் பார்த்தவன்தான். தொகை சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து மூடிவிட்டேன்.

நேரிலேயே போய் மேலாளரிடம் இரண்டு தாள்களையும் வைத்து, இன்வாய்ஸ் இன்னும் போடப்படவில்லை, நவம்பர் 10 அன்றுதான் போடப்போகிறீர்கள் என்பதால் மூன்றில் இரண்டு தேதி பின்னால் விழுகிறது என்று பொறுமையாகச் சொன்னேன். அவர் தன் கணக்காளரை அழைத்தார். அந்த அம்மா வவுச்சர் எண்ணைக் கணினியில் பார்த்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் ஒப்புக்கொண்டார். வரியை அரசுக்குக் கட்டியதுதான் அவர்களுடைய தயக்கம். முன்பணத்தைச் சரிக்கட்டும் அட்டவணையைப் பற்றி நான் சொன்னதும், அதை அவர்கள் மற்ற மாதங்களில் வழக்கமாகவே செய்துவருவதாகச் சொன்னார். விகிதம் மாறியதால் செய்யக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2,520 ரூபாயை வங்கிக் கணக்குக்குத் திருப்பி அனுப்பவா, அல்லது 9ஆம் தேதி காலைச் சிற்றுண்டிக் கணக்கில் கழித்துக்கொள்ளவா என்று கேட்டார்கள். சிற்றுண்டிக்குக் கழித்தால் அதற்குத் தனி பில், அதற்குரிய தனி வரி என்று கணக்கு கலந்துவிடும் என்பதால், அறைக்கான இன்வாய்ஸை 5 சதவீதத்தில் போட்டு, மீதியைக் கணக்குக்கே அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். அப்படியே செய்வதாக மின்னஞ்சலிலும் உறுதி தந்துவிட்டார்கள்.


பதில்: விடுதிக் கணக்காளர்

சரியாகச் செய்தீர்கள். நவம்பர் 10 அன்று இன்வாய்ஸ் கைக்கு வந்ததும் மூன்றை மட்டும் பார்த்துவிடுங்கள்: வாடகை 36,000 என்றே இருக்கிறதா, மத்திய வரி 900, மாநில வரி 900 என்று இருக்கிறதா, ஆகஸ்ட் ரிசீட் வவுச்சரின் எண் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறதா. வாடகையைச் சத்தமில்லாமல் ஏற்றி, மொத்தத்தை மட்டும் 40,320 என்றே வைத்திருந்தால் உடனே கேளுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: விகிதம் குறைந்தும் பழைய வரியையே வாங்கினால், முன்பு 171ஆம் பிரிவின்கீழ் புகார் கொடுக்கத் தனி ஏற்பாடு இருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் அதில் புதிய புகார்களை ஏற்பதில்லை. இப்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் ஜி.எஸ்.டி. தொடர்பான குறைகளைப் பதிவு செய்யலாம். அழைக்கும் முன் உங்களிடம் இருப்பது ரிசீட் வவுச்சரா, டாக்ஸ் இன்வாய்ஸா என்று பார்த்துவிட்டு அழையுங்கள்.